கடலுக்கடியில் சாம்பிராணி

முட்டாள்தனத்தில் உள்ளூரோடு முடிந்துபோகிற ரகம் ஒன்று உண்டு. என்னுடையது லாரி ஏறி மண்டபம் வரைக்கும் போனது. கடலுக்கடியில் மூச்சு விடுவதற்கான நாலு சிலிண்டர்களில் சாம்பிராணிப் புகையைச் சேர்த்து அடைத்து, மேலே சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, ‘ஃபுல், ஓகே’ என்று சீட்டும் எழுதிக் கட்டி அனுப்பியவன் நான். அந்தக் காற்றை நம்பி இறங்குவதற்கு ஒரு பெண் அங்கே காத்திருந்தார். இதைவிடப் பெரிய முட்டாள் இருந்தால் அவரை நேரில் பார்த்துக் கைகுலுக்க ஆசை.

எண்பதுகளின் தொடக்கம். மண்ணூரில் வேர்க்கடலைக் கொல்லைகளுக்கு நடுவே ஒரு தகரக் கொட்டகை. அதுதான் எங்கள் கம்பெனி. காற்றை அழுத்தி அடைக்கிற கம்ப்ரஸர் மெஷின்களைப் பிரித்துப் பூட்டுவது எங்கள் வேலை. லாரி டயருக்குக் காற்றடிப்பது, இரும்புக் கட்டிலுக்குப் பெயிண்ட் பீய்ச்சுவது என்று எங்களிடம் வருகிறவை எல்லாம் முரட்டு மெஷின்கள். நான் ஃபிட்டர். அந்த மாதம் தொடர்ந்து ஓ.டி. பகல் ஷிப்ட் முடிந்து கை கழுவினால், கழுவின ஈரம் காய்வதற்குள் அடுத்த ஷிப்ட். பஸ்ஸில் நின்றுகொண்டே தூங்கி, ஸ்ரீபெரும்புதூரில் இறங்க மறந்து, எதிர்ப் பஸ் பிடித்துத் திரும்பி வருவது எனக்குத் தினப்படிப் பழக்கமாகியிருந்தது.

அப்படி ஒரு நாளில்தான் டாக்டரம்மா ஜீப்பில் வந்து இறங்கினார். ஊசி போடுகிற டாக்டர் இல்லை. மீனையும் பவளத்தையும் படித்து டாக்டரானவர். மண்டபத்தில் ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை. முப்பது வயதிருக்கும். தூத்துக்குடிப் பக்கத்துப் பேச்சு. ஜீப்பின் பின்பக்கம் ஒரு சின்ன கம்ப்ரஸரும் நாலு காலி சிலிண்டர்களும் கிடந்தன. வால்வு உடைந்த அந்த மெஷினைப் பட்டணத்தில் யாரும் தொட மாட்டேன் என்றதால் எங்களிடம் வந்திருந்தார்.

“இந்தக் காத்தை நான் மூச்சு விடணும் அண்ணாச்சி. டயரு இல்ல” என்றார் முதலிலேயே.

எங்கள் மேஸ்திரி, கிழக்கே ஒரு கிராமத்துக் கத்தோலிக்கர், கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு அவரை மேலும் கீழும் பார்த்தார். “நீங்களேவா தண்ணிக்குள்ள எறங்குவீங்க?”

“பின்ன யாரு இறங்குவா? பாறையை எண்ணுறது நாந்தான்.”

மண்டபத்துக்குப் பக்கத்துத் தீவுகளைச் சுற்றியுள்ள பவளப் பாறைகளைச் சுண்ணாம்புக்காக உடைத்துத் தோணி தோணியாக ஏற்றுகிறார்களாம். எவ்வளவு போச்சு, எவ்வளவு மிச்சம் என்று இறங்கிப் பார்த்துக் கணக்கெடுக்க வேண்டும். ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் தண்ணீர் கலங்கிவிடும். அதற்குள் கடல் தெளிந்து கிடப்பது சில நாள்தான்.

கிளம்பும்போது மூன்று விஷயம் சொன்னார். வடிகட்டியில் போடும் கரித்தூளை ஊரில் அவரே மாற்றிக்கொள்வார். அதுவரை மெஷினைச் சும்மா ஓட்டிப் பார்த்தால் போதும், சிலிண்டரில் அடைக்கவே கூடாது. காற்று இழுக்கும் குழாயின் பக்கத்தில் எந்தப் புகையும் வரக்கூடாது. “மேல நின்னா தலைவலி குடுக்கிற புகை, ஆழத்துல ஆளையே சாய்ச்சிரும். சாய்ஞ்சா தூக்க அங்க ஆளு கெடையாது.”

மூன்றுக்கும் தலையாட்டினேன். தூங்கி விழுகிறவன் தலையும் அப்படித்தான் ஆடும் என்பது அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

வால்வு தயாராவதற்குள் ஆயுத பூஜை வந்துவிட்டது. ஆயுத பூஜையன்று எந்த மெஷினும் ஓடாது. மறுநாள் விஜயதசமிக்கு எல்லாமே ஓடியாக வேண்டும். வெறுமனே ஓடினாலும் போதாது. அன்றைக்கு எதையாவது நிரப்பி வெளியே அனுப்பினால்தான் வருஷம் பூராவும் வேலை வரும் என்பது எங்கள் கொட்டகையின் சட்டம். டாக்டரம்மாவின் சாமான்களை ஏற்றிப்போக லாரி அன்று சாயங்காலம் வருவதாக ஏற்பாடு.

“காலியாவா அனுப்புவ?” என்றார் மேஸ்திரி. “நல்ல நாளும் அதுவுமா?”

“அடைக்க வேணாம்னு சொல்லிட்டுப் போச்சே அந்தம்மா?”

“யோவ், காத்துதானே? நம்ம வூட்டுல மூச்சு வுடுற அதே காத்துதானேயா?”

எனக்கு வாதாடத் தெம்பில்லை. சந்தனம், குங்குமம் எல்லாம் வைத்து, தேங்காய் உடைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, மெஷினைக் கிளப்பினோம். தூபக்காலை எங்கே வைப்பது என்று தேடச் சோம்பல். காற்று இழுக்கும் குழாய்க்கு நேர் கீழேயே வைத்துவிட்டேன். புகை நேராக எழுந்து, வளைந்து, குழாய்க்குள் நுழைந்தது.

மேஸ்திரி கையைத் தட்டினார். “இன்னாபா, உள்ள இழுக்குது பாத்தியா! மெஷினுக்கு உசுரு கீதுடா!”

கொட்டகையே கூடி நின்று ரசித்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. சின்ன மெஷின், நாலு சிலிண்டர் நிரம்ப அரை நாள் ஆகும். பக்கத்திலேயே ஒரு சாக்கை விரித்துச் சாய்ந்துகொண்டு, கண் விழிக்கும்போதெல்லாம் ஒரு பிடி சாம்பிராணியைத் தணலில் தூவினேன். கடமை தவறாத ஆள்!

மறுநாள் காலை. லாரி எப்போதோ போய்விட்டிருந்தது. சிலிண்டருக்கு மாட்டியிருந்த எங்கள் ரப்பர் குழாயைச் சுருட்டி வைக்க எடுத்தேன். அதில் மிச்சமிருந்த காற்று முகத்தில் புஸ்ஸென்று அடித்தது. கோயில் வாசனை. தூக்கம் மொத்தமும் அந்த ஒரு நொடியில் கலைந்தது.

மேஸ்திரியின் மூக்கருகே நீட்டினேன். மோந்து பார்த்தார். “எங்க சர்ச்சுல பெரிய பூசைக்கு இப்படித்தான் மணக்கும்” என்றார் சந்தோஷமாக. அப்புறம் என் முகத்தைப் பார்த்தார். அப்புறம் நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டார்.

“அந்தம்மா இதை மூச்சு வுட்டா இன்னா ஆவும்?”

“ஆழத்துல சாய்ச்சிரும்னு சொல்லிச்சு மேஸ்திரி.”

“அடப்பாவி. எப்ப சொல்லிச்சு?”

“நீங்களும் நிக்கும்போதுதான்.”

ட்ரங்க் கால் பதிவு செய்தோம். லைன் கிடைத்தபோது அந்தப் பக்கம் மணி அடித்தது, எடுக்க ஆளில்லை. ஸ்ரீபெரும்புதூர் தபாலாபீசுக்கு ஓடித் தந்தி எழுதிக் கொடுத்தேன்: ‘சிலிண்டர் காற்று கெட்டது. சுவாசிக்க வேண்டாம். நேரில் வருகிறேன்.’ குமாஸ்தா இரண்டு தடவை படித்தார்.

“சாவு தந்தியா?”

“இன்னும் இல்ல சார். அதுக்குத்தான் ஓடறேன்.”

போட்டிருந்த காக்கியோடு எழும்பூர் போய் ராமேஸ்வரம் ரயிலில் ஏறினேன். முன்பதிவு இல்லாத பெட்டியில் ஒரு காலை ஊன்றத்தான் இடமிருந்தது. மாதம் பூராவும் நின்றபடி தூங்கிய எனக்கு அன்று உட்கார இடம் கிடைத்த பிறகும் தூக்கம் வரவில்லை. கண்ணை மூடினால் டாக்டரம்மா தண்ணீருக்குள் போகிறார், தலையைப் பிடித்துக்கொள்கிறார், சாய்கிறார். திறந்தால் எதிரே ஒருவர் மோர் குடிக்கிறார். மூடியும் திறந்தும் மண்டபம் வந்தது.

ஸ்டேஷனிலிருந்து கடற்கரைக்கு ஓடியபோது ஒரு மோட்டார் வள்ளம் அப்போதுதான் நகர்ந்துகொண்டிருந்தது. அதில் என் நாலு சிலிண்டர்கள் பளபளவென்று, சந்தனம் கலையாமல், மாப்பிள்ளை வீட்டார் மாதிரி உட்கார்ந்திருந்தன. பக்கத்தில் டாக்டரம்மா. நான் பூட்ஸோடு கடலுக்குள் இறங்கிக் கையை ஆட்டிக் கத்தினேன். என்ன கத்தினேன் என்று ஞாபகமில்லை. இடுப்பளவு தண்ணீரில் ஓர் அலை வந்து என்னை உட்கார வைத்தது. அதைப் பார்த்துத்தான் வள்ளத்தைத் திருப்பினார்களாம்.

இருமிக்கொண்டே விஷயத்தைச் சொன்னேன். டாக்டரம்மா ஒரு சிலிண்டரின் வால்வை லேசாகத் திருகி மோந்தார்.

“நேத்தே மணந்துச்சு. மேல பூசின சந்தனம்னு நெனச்சேன்.” முகம் வெளுத்திருந்தது. “சீட்டு வேற எழுதியிருந்தீங்க. வடிகட்டியும் மாத்தித்தான் அடைச்சிருக்கீங்கன்னு நம்பிட்டேன்.”

நாலு வால்வையும் திறந்துவிட்டார். சீறிக்கொண்டு வெளியேறிய காற்றில் அந்தக் கடற்கரை முழுக்கச் சாம்பிராணி மணத்தது. வலை காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவர், என்ன விசேஷம் என்று கேட்டுக்கொண்டே வந்தார். நான்தான் விசேஷம் என்று சொல்ல வாய் வரவில்லை.

கரித்தூளை மாற்றி, குழாயை ஒரு நீளப் பனஞ்சட்டத்தில் உயரக் கட்டி, காற்று வரும் திசைக்குத் திருப்பி, அன்று முழுக்க நான் ஒருவனே அடைத்தேன். தெளிந்த நாட்களில் ஒன்று என்னால் வீணாயிற்று. டாக்டரம்மா அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. திட்டியிருந்தால் மனசு ஆறிக் கொஞ்சம் உட்கார்ந்திருப்பேன். மத்தியானம் என் தந்தி வந்து சேர்ந்தது. கையெழுத்துப் போட்டு நானே வாங்கிக்கொண்டேன்.

நாலும் நிரம்பியதும் அவர் சொன்னார்: “எங்ககிட்ட ஒரு முறை உண்டு. அடைச்சவன்தான் முதல்ல மூச்சு விடணும்.”

“கரையிலதானே?”

“தண்ணியில.”

ஏரியிலும் கிணற்றிலும் விழுந்து புரண்டவன்தான் நான். இருந்தாலும் இடுப்பளவு நீரில் உட்கார வைத்து, வாயால் மட்டும் மூச்சு விட வெகு நேரம் பழக்கினார். மேலே வரும்போது மூச்சை அடக்கவே கூடாது என்று பத்துத் தடவை சொன்னார். இந்தத் தடவை தலையாட்டாமல் திருப்பிச் சொல்லிக் காட்டினேன்.

மறுநாள் காலை, தீவுக்கு அருகே, இரண்டு ஆள் ஆழத்தில் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். முதல் மூச்சை இழுத்தேன். ஒரு வாசனையும் இல்லை. வாசனையே இல்லாத ஒன்றுக்காக என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

கீழே மான்கொம்பு மாதிரிக் கிளைத்த பவளம், மனுஷ மூளை மாதிரி மடிந்த பவளம். அந்த மூளைகளில் ஒன்று என்னுடையதைவிட நிச்சயம் பெரியது. கிளி மூக்கு வைத்த பச்சை மீன்கள் பாறையைக் கடித்துக் கடித்துத் தின்றன. கரும்பு கடிக்கிற சத்தம் தண்ணீருக்குள் தெளிவாகக் கேட்டது. கடித்ததை அவை அப்படியே வெள்ளை மணலாகப் பின்பக்கம் தூவிக்கொண்டு போயின. ஷிப்ட் முடியாத வேலை. மணலில் ஒரு கடல் அட்டை, ஓ.டி. பார்த்துவிட்டு வந்தவன் மாதிரி, கிடந்த இடத்தில் கிடந்தது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கும் கண் சொருகியது. கை கால் கனமில்லாமல் மிதந்தது அந்த மாதத்தில் அதுதான் முதல் தடவை. டாக்டரம்மா மணிக்கட்டை அழுத்திக் கிள்ளினார்.

கொஞ்சம் தள்ளிப் பாறை சட்டென்று முடிந்தது. கடப்பாறை போட்டுப் பெயர்த்த பள்ளம். இடித்த வீட்டுச் சுவர் மாதிரி வெள்ளைத் துண்டுகள், மேலே பழுப்புப் பாசி. மீன் ஒன்றுகூட அந்தப் பக்கம் வரவில்லை. அவர் கையோடு கொண்டுவந்த பலகையில் பென்சிலால் ஏதோ குறித்தார். ஒரு நாள் என்றால் அவருக்கு என்ன என்பது எனக்கு அங்கேதான் விளங்கியது. அவர் எண்ணி முடிப்பதற்குள் இன்னும் நாலு தோணிப் பாறை ஏறிவிடும்.

மேலே வந்து வள்ளத்தைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன். ஏறுவதற்குக் கையில் பலமில்லை. தலை வலிக்கிறதா, குமட்டுகிறதா என்று அவர் கேட்டார். விரலை எண்ணச் சொன்னார். சரியாக எண்ணினேன். ஆனாலும் உள்ளுக்குள் அரித்தது. நான் அடைத்த காற்றை வாங்கிக்கொண்டு இனி இவர் தனியாக, இதைவிட ஆழத்துக்குப் போவாரா? இல்லை, என்னை ரயிலேற்றிவிட்டு வேறு ஆள் தேடுவாரா? மழைக்கு முன் வேறு ஆள் எங்கே கிடைப்பான்?

“டாக்டரம்மா, நான் பண்ணதுக்கு என்னை அடிச்சாலும் தகும். இனிமே என் கையால அடைச்ச காத்தை நம்புவீங்களா?”

அவர் அடுத்த முறை இறங்கும்போது ஆவி படியாமலிருக்க முகக் கண்ணாடியில் துப்பி, விரலால் தேய்த்துக் கடலில் அலசினார்.

“அடுத்த சிலிண்டரை என் முதுகுல மாட்டுங்க அண்ணாச்சி.”