அண்ணிக்கு மீன் கரப்பான்

எங்க அண்ணிக்கு மீன் கரப்பான்னு டாக்டரம்மாகிட்ட சொன்னது நான்தான். வாயை வச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம். காரைக்கால் நகராட்சி ஆபீஸ்ல, பிறப்பு இறப்புப் பிரிவுல, இருபத்தஞ்சு வருஷமா உட்கார்ந்திருக்கிறவ நான். ஒரு எழுத்து மாறினா ஒருத்தரோட பாஸ்போர்ட்டே நின்னுபோகும்னு வர்றவங்களுக்கெல்லாம் பாடம் நடத்துறவ. அப்பேர்ப்பட்ட நான்தான் அண்ணியோட ஃபைல்ல ஒரு தப்பான வார்த்தையை ஏத்திவிட்டேன். இப்ப நினைச்சாலும் என் தலையில நானே குட்டிக்கலாம் போலிருக்கு.

அண்ணி பூவத்துலேருந்து எங்க வீட்டுக்குக் கல்யாணம் ஆகி வந்தப்ப நான் பன்னெண்டாவது படிச்சுக்கிட்டிருந்தேன். அன்னைக்குக் கூப்பிட ஆரம்பிச்ச ‘பாப்பா’வை இன்னும் விடல. எனக்கு நாப்பத்தெட்டு வயசு. கல்யாணம் பண்ணிக்கல, அதனால அதே வீட்டுலதான் இருக்கேன். ஆபீஸ்ல சர்டிபிகேட் வாங்க அத்தனை பேர் நிக்கிறப்ப, அண்ணி வாசல்ல நின்னு, “பாப்பா, சாப்பாட்டை மறந்துட்டுப் போயிட்டியே”ன்னு டிபன் பாக்ஸை நீட்டுவாங்க. அதுக்கப்புறம் அன்னைக்கு முழுக்க என் அதட்டலுக்கு ஒரு பய மசிய மாட்டான்.

அண்ணன் கத்தார்ல ஏ.சி. வேலை பார்த்தாரு. கடைசித் தடவை லீவுல வந்துட்டுப் போன கொஞ்ச நாள்ல அம்மாவுக்குப் பக்கவாதம் வந்துச்சு. ரெண்டு வருஷம் படுக்கை. நான் காலையில ஆபீஸ் கிளம்பிடுவேன். அம்மாவைத் திருப்பிப் போடுறது, துடைக்கிறது, கஞ்சி புகட்டுறது எல்லாம் அண்ணிதான். புண் வராம பார்த்துக்கிட்டாங்க. அம்மா உடம்புல ஒரு கீறல் இல்ல, ஆனா அண்ணி மூஞ்சி போச்சு. கண்ணுக்குக் கீழ கருப்பு, கன்னமெல்லாம் வத்தி, தோல் காய்ஞ்சு தொங்கிப்போச்சு. மாமியாருக்குச் செய்யுறாங்கன்னு ஊர்ல பேசுவாங்க. எனக்குத் தெரியும், அது என் பங்கையும் சேர்த்துச் செஞ்சது.

அண்ணன் தெனம் சாயங்காலம் வீடியோ கால்ல வருவாரு. தனியாக் கிடக்கிற மனுஷன், இந்தக் கோலத்தைப் பார்த்தா சோறு இறங்காதேன்னு நான்தான் ஒருநாள் அண்ணி போன்ல அழகு ஃபில்டரைப் போட்டுவிட்டேன். கருப்பு போயி, கன்னம் பளபளன்னு ஆகி, அண்ணிக்கு முப்பது வயசு. “ஐயய்யே, இது யாரு?”ன்னு சிரிச்சாங்க. ஆனா எடுக்கச் சொல்லல. அம்மா இறந்தப்ப அண்ணன் கம்பெனி மாறுற விசாச் சிக்கல்ல மாட்டி வர முடியல. அப்புறம் ரெண்டு வருஷம் ஓடுச்சு. ஃபில்டர் அப்படியே இருந்துச்சு.

திடீர்னு ஒருநாள் அண்ணன், “போதும், மொத்தமா வந்துடுறேன்”னாரு. ரெண்டு மாசம்தான் இருக்கு. அண்ணி சந்தோஷத்துல அன்னைக்கே வீடு பூரா ஒட்டடை அடிச்சாங்க. மறுநாள் கண்ணாடி முன்னாடி நின்னவங்க நகரவே இல்ல.

“பாப்பா, அவரு போன்ல பாக்குறது வேற ஆளு. நான் ஏர்போர்ட்டுக்கு வரல. இந்த மூஞ்சிய அவரு அங்க வச்சுப் பாக்க வேணாம்.”

அண்ணி ஒண்ணு வேணும்னு வாயைத் திறந்து கேட்டே நான் பார்த்ததில்ல. அன்னைக்கும் கேட்கல, ஆனா கேட்ட மாதிரிதான் இருந்துச்சு. ஊருக்குள்ள புதுசா ஒரு தோல் கிளினிக் வந்திருந்துச்சு. அவங்க கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போனேன்.

டாக்டரம்மா சின்ன வயசு. ஹைதராபாத்துல பிறந்து வளர்ந்த தமிழ்ப் பொண்ணு. பொறுமையாத்தான் சொல்லுச்சு. சால்மன்னு குளிர்க்கடல் மீன். அந்த ஆண் மீனோட விந்துலேருந்து டி.என்.ஏ.வை மட்டும் பிரிச்சு, சுத்தம் பண்ணி, ஊசி மருந்தாக்குறாங்களாம். அதைக் கண்ணுக்குக் கீழ, கன்னத்துலன்னு பொட்டுப் பொட்டாப் போட்டா, நம்ம தோலே தன்னைத் தானே சரிபண்ணிக்கத் தொடங்குமாம். மூணு தடவை, மூணு மூணு வாரம் இடைவெளி. “உடனே ஒண்ணும் தெரியாது, மெதுவாத்தான் தெரியும். சிலருக்குக் கொஞ்சமாத்தான் தெரியும்”னும் சொல்லிடுச்சு.

அண்ணி என் காதுல, “எதுலேருந்து எடுக்குறாங்களாம்?”னாங்க. நான் மறுபடி சொன்னேன். முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டு தோள் குலுங்கச் சிரிச்சாங்க. “வஞ்சிரத்துல எடுக்கக் கூடாதாமா?”

அப்புறம்தான் டாக்டரம்மா அந்தக் கேள்வியைக் கேட்டுச்சு. “இவங்களுக்கு மீன் சாப்பிட்டா ஏதாவது பண்ணுமா?”

அண்ணி வாயைத் திறக்கிறதுக்குள்ள நான் முந்திக்கிட்டேன். “மீன் கரப்பான்தானே டாக்டரம்மா.”

எங்க வீட்டுல உடம்புல ஒரு சின்னப் புண்ணு, ஒரு தையல், ஒரு ஊசின்னா போதும், அம்மா உடனே மீனையும் கருவாட்டையும் கத்தரிக்காயையும் நிறுத்திடுவாங்க. கரப்பான் பண்டம், புண்ணு ஆறாது, அரிப்பெடுக்கும்பாங்க. இந்தப் பக்கத்துல யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்லுவாங்க. ஊசி போடப் போறாங்களே, மீனை நிறுத்தணுமேங்கிற நினைப்புல நான் சொன்னேன்.

“கரப்பான்பூச்சியா?”ன்னு டாக்டரம்மா முழிச்சுச்சு.

“இல்லைங்க, கரப்பான். உடம்புல தடிப்பு, அரிப்பு…”ன்னு பெரிய பண்டிதராட்டம் விளக்கினேன்.

பேனா ஓடுச்சு. மீன் அலர்ஜி. அடியில ரெண்டு கோடு வேற. “இது மீன்லேருந்து எடுத்த மருந்து. அலர்ஜி இருக்கிறவங்களுக்குப் போட முடியாது. ரிஸ்க் எடுக்க மாட்டேன்”னு ஃபைலை மூடிடுச்சு.

அண்ணி எழுந்துட்டாங்க. செருப்பை மாட்டிக்கிட்டு வந்தாங்க. ஆட்டோவுல வெளியிலேயே பார்த்துக்கிட்டு வந்தாங்க. “விடு பாப்பா, நமக்குக் குடுத்துவைக்கல”ன்னு மட்டும் சொன்னாங்க. கரப்பானைத்தான் இங்கிலீஷ்ல அலர்ஜிங்கிறாங்க போலன்னு நானும் நினைச்சுக்கிட்டேன். என் மண்டை அப்படி.

ரெண்டு நாள் கழிச்சு ஞாயித்துக்கிழமை. அண்ணி பின்கட்டுல உட்கார்ந்து சங்கரா மீன் கழுவிக்கிட்டிருந்தாங்க. முழங்கை வரைக்கும் செதில். அதைப் பார்த்ததும்தான் எனக்கு எங்கேயோ இடிச்சுச்சு.

“அண்ணி, உங்களுக்கு மீன் தின்னு என்னைக்காவது உடம்பு தடிச்சிருக்கா?”

“எனக்கா? மீன் இல்லாம எனக்குச் சோறு இறங்குமா?”

“அப்ப அந்தம்மா அலர்ஜின்னு எழுதினப்ப ஏன் சொல்லல?”

“நீதானே கரப்பான்னு சொன்ன. படிச்ச புள்ள, உத்தியோகம் பாக்குறவ. ஒரு டாக்டர் முன்னாடி உன்னைய விட்டுக்குடுத்து நான் பேசவா?”

கழுவிக்கிட்டே சொன்னாங்க, சாதாரணமா. எனக்கு அழுகையும் கோவமும் ஒண்ணா வந்துச்சு. தன் மூஞ்சி போனாலும் பரவால்ல, என் வார்த்தை கீழ விழக் கூடாதுன்னு பேசாம எழுந்து வந்திருக்காங்க. இந்த மனுஷிய என்ன செய்யுறது? “எழுந்திரிங்க முதல்ல, நாளைக்குப் போறோம்”னு கத்தினேன். எனக்குப் பாசம் பொங்கினா கத்தத்தான் வரும்.

மறுநாள் டாக்டரம்மா நம்பல. அன்னைக்கு இருந்த அலர்ஜி இன்னைக்கு எங்க போச்சுன்னு கேட்டுச்சு. ஊசி வேணுங்கிறதுக்காகப் பொய் சொல்றவங்களை அது பார்த்திருக்கும் போல. “இதுல பொய் சொன்னா ஆபத்து உங்களுக்குத்தான்.” நான் கரப்பானுக்கு மறுபடி விளக்கம் சொல்ல ஆரம்பிச்சேன். அது கையைக் காட்டி என்னை நிறுத்திட்டு அண்ணி பக்கம் திரும்புச்சு. “நீங்க சொல்லுங்க. போன வாரம் என்ன மீன் சாப்பிட்டீங்க?”

அண்ணி விரலை மடக்கிக்கிட்டே சொன்னாங்க. “நேத்து சங்கரா. முந்தாநேத்து நெத்திலி வறுவல். வெள்ளிக்கிழமை இல்லைங்க. வியாழன் மத்தி, அதோட சினை தனியா வதக்கினேன். புதன் எறா போட்டுக் கத்தரிக்கா. செவ்வாய் இல்லைங்க. திங்கள்கிழமை பழைய குழம்பு, பாறை…”

டாக்டரம்மா சிரிச்சுடுச்சு. ஆனாலும் விடல. மூச்சு அடைச்சதா, உதடு வீங்குனதான்னு எல்லாம் கேட்டு, ரத்தப் பரிசோதனைக்கும் அனுப்பி, அலர்ஜி இல்லைன்னு ரிப்போர்ட் வந்த பிறகுதான் அந்த ரெண்டு கோடு போட்ட வார்த்தையை அடிச்சுச்சு. அது செஞ்சது சரி. தப்பு என் மேல. இந்த அலைச்சல்ல நாள் ஓடிப்போச்சு. நடுவுல ஊருக்குப் போயிருந்த டாக்டரம்மா திரும்பி வந்து தேதி குடுத்தப்ப, அண்ணன் வர்றதுக்குள்ள ஒரே ஒரு ஊசிக்குத்தான் நேரம் இருந்துச்சு.

மரத்துப்போற களிம்பைத் தடவிட்டுத்தான் போட்டாங்க. அப்பவும் அண்ணி என் கையை நசுக்கிட்டாங்க. கண்ணுக்குக் கீழ கொசு கடிச்ச மாதிரி வரிசையாப் புடைச்சு, ஒரு நாள்ல வத்திடுச்சு. அப்புறம் தெனம் காலையில என் முன்னாடி வந்து நிப்பாங்க. “ஏதாவது தெரியுதா பாப்பா?” தெரியுதுன்னேன். தெரியல. கொஞ்சம் ஈரப்பசை வந்தாப்புல இருந்துச்சு, அவ்வளவுதான்.

திருச்சி ஏர்போர்ட்டுக்கு அண்ணியை நான்தான் கெஞ்சிக் கூட்டிக்கிட்டுப் போனேன். அண்ணன் பெட்டி வண்டியைத் தள்ளிக்கிட்டு வந்தாரு. முடி பாதி இல்ல. நேரா அண்ணிகிட்டதான் வந்து நின்னாரு. அண்ணி தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க. வெளியில டீ வாங்கிக்கிட்டு ஒரு பெஞ்சுல உட்கார்ந்தோம். அண்ணி குனிஞ்ச தலையை நிமித்தல. எனக்குத் தாங்கல. “அண்ணே, போன்ல நீங்க பார்த்தது ஃபில்டர். நான்தான் போட்டேன். அண்ணியை ஒண்ணும் சொல்லாதீங்க”ன்னு கொட்டிட்டேன்.

“தெரியும்”னாரு. டீயைப் பார்த்துக்கிட்டே சொன்னாரு. “அது நேராப் பார்த்தாத்தான் நிக்கும். பக்கவாட்டுல திரும்பினா விட்டுப்போயிடும். அம்மா இருமினா இவ சட்டுன்னு திரும்புவா. அந்த ஒரு நொடி இவ மூஞ்சி வரும். அதுக்காகவே அம்மாவைப் பாரு, அம்மாவைப் பாருன்னுக்கிட்டு இருப்பேன். அம்மா போனப்புறம் இவ திரும்பிப் பாக்குறதுக்கு அங்க யாரும் இல்ல. ரெண்டு வருஷமா உன் ஃபில்டரோடதான் பேசிக்கிட்டிருந்தேன்.”

அண்ணி மெதுவாக் கேட்டாங்க. “தெரிஞ்சும் ஒரு வார்த்தை கேட்கலையே நீங்க.”

“எப்படிக் கேக்குறது? எங்க அம்மாவைப் பார்த்துக்கிட்டதாலதானே அப்படி ஆச்சு. நான் அங்க உட்கார்ந்துக்கிட்டு என்ன மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கேக்குறது?”

அண்ணி டீயைக் கீழ வச்சாங்க. முந்தானையால கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க. அப்புறம் அண்ணன் பக்கம் முழுசாத் திரும்பி, மூஞ்சியை நிமித்திக் காட்டினாங்க.

“நல்லாப் பாருங்க. இன்னும் ரெண்டு ஊசி பாக்கி இருக்கு. அதையும் போட்டுட்டா இந்த மூஞ்சியும் இருக்காது.”