நெஞ்சில் ஃப்ரீசர் பாக்ஸ்

எங்கள் டீம் மைதானத்தில் இறங்கும்போது எதிர் டீம் பையன்கள் ஜெர்ஸியைப் படித்துவிட்டு ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். ஜெர்ஸியின் நெஞ்சில் ஆம்பூரில் இருக்கும் ஒரு ஃப்ரீசர் பாக்ஸ் கடையின் பெயர் இருக்கிறது. சாவு வீட்டில் உடலை வைக்கிற கண்ணாடிப் பெட்டியை வாடகைக்கு விடும் கடை. மற்ற டீம்களுக்கெல்லாம் நகைக் கடை, ஜவுளிக் கடை என்று ஸ்பான்சர் இருக்க, உங்களுக்கு மட்டும் இது எப்படி வாய்த்தது என்று கேட்கிறார்கள். எங்கள் அதிர்ஷ்டம் என்றுதான் சொல்வேன்.

நான் கணக்கு டீச்சர். என் பையன் இந்த ஃபுட்பால் கிளப்பில் ஆடிய காலத்தில் வந்து ஒட்டிக்கொண்டேன். அவன் வேலை கிடைத்து பெங்களூர் போய்விட்டான், நான் பொருளாளராக இங்கேயே மாட்டிக்கொண்டேன். "டீச்சர் கையில இருந்தா ஒரு ரூபா வெளிய போவாது" என்று சொல்லிச் சொல்லியே கமிட்டிக்காரர்கள் என் தலையில் கட்டிவிட்டார்கள். போகாதுதான். உள்ளே வந்தால்தானே வெளியே போவதற்கு?

ஆடுகிறவர்களில் பாதிப் பேர் ஷூ கம்பெனித் தொழிலாளிகள். பல வருஷமாக ஒரு ஷூ கம்பெனிதான் ஜெர்ஸி எடுத்துத் தந்தது, லீக்குக்கும் பணம் கட்டியது. வெளிநாட்டு ஆர்டர் கம்மியானதும் அதுவும் நின்றது. "சம்பளம் போடறதே பேஜாரா இருக்குது மேடம், ஜெர்ஸிக்கு எங்க போறது?" என்றார் மேனேஜர். நியாயமான பேச்சு, சண்டை போட முடியவில்லை. ரெஃப்ரிக்குக் காசு, வெளியூர் மேட்சுக்கு வேன், பந்து, எல்லாவற்றுக்கும் மேலே லீக் நுழைவுக் கட்டணம். அதைக் கட்டாவிட்டால் அந்த வருஷம் டீமே கிடையாது.

நானும் கேப்டனும் கடை கடையாக ஏறினோம். கேப்டன் ஷூ கம்பெனியில் தோல் வெட்டும் பிரிவில் வேலை செய்கிறவன். ஷிப்ட் முடிந்த கையோடு வருவான், சட்டையிலிருந்து தோல் வாசனை போயிருக்காது. பிரியாணிக் கடைக்காரர், "ஒரு அண்டா பிரியாணி வேணா அனுப்பறேன் டீச்சர், காசு மட்டும் கேக்காதீங்க" என்றார். ஜவுளிக் கடைக்காரர் ஃபைனலுக்கு வந்தால் பார்க்கலாம் என்றார். நுழைவதற்கே வழியில்லை, இவர் ஃபைனலைக் கேட்கிறார். எனக்கு வந்த கோபத்தில் அந்தக் கடையில் எடுக்க நினைத்திருந்த புடவையை அப்படியே மடித்து வைத்துவிட்டு இறங்கிவிட்டேன்.

"உட்ருவோம் டீச்சர்" என்றான் கேப்டன், தெருவில் நின்றுகொண்டு. அவன் அப்படிச் சொல்கிற ஆளே இல்லை.

அந்த வாரம்தான் ஒருவர் என் பள்ளிக்கூட கேட்டுக்கு வெளியே வந்து நின்றார். ஐம்பது வயதிருக்கும், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை. "இங்கயே நிக்கறேன் டீச்சர். ஜெர்ஸிக்கு ஆள் தேடறீங்களாமே. லீக் பணம், ஜெர்ஸி, வேன் எல்லாம் நான் பாத்துக்கறேன்" என்றார். என்ன கடை என்று கேட்டேன். சொன்னார். நாங்கள் ஆண்டவரை நம்புகிறவர்கள், சகுனம் பார்ப்பதில்லை என்று நாலு பேர் நடுவில் அழுத்திச் சொல்கிறவள் நான். அன்றைக்கு நானே ஒரு அடி பின்னால் நகர்ந்துவிட்டேன்.

"பதிலுக்கு நாங்க இன்னா செய்யணும்?" என்று கேட்டேன்.

"மேட்ச் இருக்கற அன்னிக்கெல்லாம் எனக்கு ஒரு போன் போட்டு 'வாங்க'ன்னு கூப்புடணும். அவ்ளோதான்."

கூப்பிட்டால்தான் வருவேன் என்கிற பெரிய மனுஷத்தனமா இது என்று நினைத்தேன். என் முகத்தில் அது தெரிந்திருக்க வேண்டும், அவரே சொன்னார். "எங்க தொழில்ல 'போய்ட்டு வர்றேன்'னு சொல்லக் கூடாது டீச்சர். சாவு ஊட்ல அத யாரு சொல்லுவாங்க? பொட்டிய எடுத்துக்கினு சும்மா கெளம்பிடணும். அவங்களும் 'வாங்க'ன்னு சொல்ல மாட்டாங்க. அப்பறம் பஜார்ல பாத்தாகூட மூஞ்சிய திருப்பிக்குவாங்க. ஒரு கல்யாணம் காட்சிக்கும் எவனும் பத்திரிகை வெக்கறதில்ல. தப்பு சொல்லல. எங்கியாவது ஒரு எடத்துலர்ந்து கூப்புட்டா நல்லாருக்கும்னு தோணுச்சு."

சரி என்று தலையை மட்டும் ஆட்டினேன். அவர் திரும்பி நடந்தார், சொல்லிக்கொள்ளாமலே.

விஷயம் தெரிந்ததும் பையன்களின் அம்மாக்கள் கிளம்பி வந்தார்கள். முன்னால் வந்தவர் கோல்கீப்பரின் அம்மா. அவரும் ஷூ கம்பெனியில் தைக்கிற பிரிவில் இருக்கிறவர், கணவர் இல்லை, ஒரே பையன். "எம்புள்ள நெஞ்சுல பொணப்பொட்டி பேரா? உங்க புள்ளயா இருந்தா போடுவீங்களா டீச்சர்?" என்றார். நான் அவரைவிடச் சத்தமாகக் கத்தினேன். "அப்ப நீங்க குடுங்க பணம்" என்றேன். அவர் ஒரு நாள் கூலி எவ்வளவென்று எனக்குத் தெரியும். சொன்ன நிமிஷமே நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

எப்படியோ இது ஃப்ரீசர் பாக்ஸ்காரர் காதுக்கு எட்டிவிட்டது. போன் செய்தார். "பேரே வாணாம் டீச்சர். வெறும் சட்டையா அடிங்க. கூப்டா போதும்." பணத்தை ஒரு கவரில் போட்டுக் கொடுத்தும் அனுப்பிவிட்டார். லீக்கிலேயே ஸ்பான்சர் இருந்தும் நெஞ்சில் ஒன்றும் இல்லாமல் ஆடிய டீம் நாங்கள்தான். நீல ஜெர்ஸி, நல்ல துணி. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கூச்சமாக இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அவருக்குப் போன் போடுவேன். "சாயங்காலம் மேட்ச், வாங்க" என்பேன். "வந்துடறேன் டீச்சர்" என்பார். வருவார். கூட்டத்தோடு நிற்க மாட்டார், கோல் போஸ்டுக்குப் பின்னால் தள்ளி நிற்பார். நாங்கள் கோல் போட்டால் கையை மட்டும் தட்டுவார். ஆட்டம் முடிந்து நான் திரும்பிப் பார்த்தால் ஆள் இருக்க மாட்டார். கோல்கீப்பரின் அம்மா ஒரு மேட்ச் விடாமல் வருவார், ஃப்ரீசர் பாக்ஸ்காரர் நிற்கிற பக்கம் மட்டும் பார்க்க மாட்டார்.

நான்காவது மேட்ச். இரண்டாம் பாதியில் உயரமாக வந்த பந்தைப் பிடிக்க கோல்கீப்பர் எகிறினான், எதிர் டீம் ஆளும் எகிறினான். மோதிக் கீழே விழுந்ததில் கோல்கீப்பரின் தலை போஸ்டில் பட்டது. நாங்கள் ஓடிப் போய்ப் பார்த்தபோது கண் திறக்கவில்லை. காதுக்குப் பின்னால் ரத்தம். ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டோம், ஹைவேயில் ஒரு விபத்துக்குப் போயிருக்கிறது, வரக் கொஞ்சம் நேரமாகும் என்றார்கள். ஆட்டோவில் மடக்கி உட்கார வைக்கிற நிலையில் அவன் இல்லை.

"எங்கிட்ட வேன் இருக்குது" என்ற குரல் கேட்டது. ஒரு வீட்டில் பெட்டியை இறக்கிவிட்டு நேராக வந்திருக்கிறார், யார் கண்ணிலும் படக் கூடாதென்று வண்டியைச் சுவருக்கு அந்தப் பக்கம் நிறுத்தியிருக்கிறார். பக்கவாட்டில் அமரர் ஊர்தி என்று எழுதிய வண்டி. எல்லோரும் அந்த அம்மாவைப் பார்த்தோம். அவர் மகனின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, வேண்டாம் வேண்டாம் என்பதுபோல் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

ஃப்ரீசர் பாக்ஸ்காரர் வந்து அந்த அம்மாவுக்கு எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "அம்மா, இந்த வண்டி எப்பவும் ஆஸ்பத்திரிலர்ந்து ஊட்டுக்குத்தான் போயிருக்குது. இன்னிக்கு ஒரு தபா திருப்பி ஓட்டறேன். என்ன நம்புங்க."

அந்த அம்மா அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு, "தூக்குங்க" என்றார்.

பெட்டி வைக்கிற நீளமான பலகையில் பையனைப் படுக்க வைத்தோம். ஒரு பக்கம் அம்மா, ஒரு பக்கம் நான், தலையை அசையாமல் பிடித்துக்கொண்டு கேப்டன். அந்த வண்டியை அதற்கு முன் அவர் வேகமாக ஓட்டியதே இல்லையாம், அவசியம் இருந்ததில்லை. அன்றைக்கு ஹாரனில் வைத்த கையை எடுக்காமல் வேலூர் வரை ஓட்டினார். லாரிகள் ஒதுங்கி வழி விட்டன. எதற்கு இவ்வளவு அவசரம் என்று டிரைவர்கள் எட்டிப் பார்த்தது இன்னும் என் கண்ணில் இருக்கிறது. பள்ளிகொண்டா தாண்டியதும் பையன் முனகினான். "அம்மா" என்றான். அந்த வண்டிக்குள் அப்படி ஒரு சத்தம் கேட்டது அதுதான் முதல் தடவை என்று பிற்பாடு அவர் சொன்னார்.

சரியான நேரத்துக்குக் கொண்டு வந்தீர்கள் என்றார் டாக்டர். சில நாள் வைத்திருந்து, தையல் பிரித்து, வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். டிஸ்சார்ஜ் அன்று அவர் ஒரு கார் பேசிக்கொண்டு வந்து நின்றார். "ஆஸ்பத்திரிலர்ந்து ஊட்டுக்கு என் வண்டில வாணாம் டீச்சர், மனசுக்கு ஒரு மாதிரி இருக்கும்" என்று என் காதருகே சொன்னார். பையனின் அம்மா கேட்டுவிட்டார். "போன வண்டியிலயே வரட்டும்" என்றார். அவர் அதே காரில் ஆம்பூர் திரும்பிப் போய் வேனை எடுத்து வரும்வரை எல்லோரும் வாசலில் காத்திருந்தோம்.

பையன் முன் சீட்டில், ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தான். அம்மா பாதி வழியில், "டீச்சர், அடுத்த ஜெர்ஸில அண்ணன் கட பேரு போடுங்க. பெருசா போடுங்க" என்றார். நான் சரி என்றேன். அவர் சாலையைப் பார்த்தபடி ஓட்டிக்கொண்டிருந்தார்.

வீட்டு வாசலில் பையனைக் கைத்தாங்கலாக இறக்கிவிட்டு, பையைப் படியில் வைத்துவிட்டு, அவர் போய் வண்டியில் ஏறினார். வழக்கம்போல ஒன்றும் சொல்லவில்லை. ஸ்டார்ட் செய்தார். அந்த அம்மா தெருவில் இறங்கி வண்டிக்கு முன்னால் போய் நின்றுகொண்டார்.

"இன்னாண்ணா இது, சொல்லாம கெளம்பறீங்க?"

அவர் என்னைப் பார்த்தார். நான் உதவிக்குப் போகவில்லை.

"சொல்லிட்டுப் போங்க" என்றார் அந்த அம்மா. நகரவில்லை.

அவர் இன்ஜினை நிறுத்தினார். "வர்றேம்மா" என்றார்.

"வாங்க" என்று சொல்லி அந்த அம்மா ஒதுங்கி வழி விட்டார். "ஞாயித்துக்கெழம மத்தியானமே வந்துடுங்க. இங்க சாப்ட்டுட்டு ஒண்ணா மேட்சுக்குப் போவலாம்."