ஜயா அக்காவுக்குக் கிடைக்காத மிளா

ஆஸ்பத்திரியிலிருந்து என் கணவர் போனில் சொன்னார்: "ஜயா அக்கா போயிட்டா." நான் நம்பவில்லை. முந்தின நாள்தான் வரும் தைக்குப் போனக்காடு மலைக்குப் போக எனக்கும் ஷூ வாங்கச் சொல்லியிருந்தார். "யார் சொன்னா? நீங்க பார்த்தேளா?" என்று கேட்டேன். எதையும் இரண்டு தடவை கேட்பது என் சுபாவம்.

அக்கா என் நாத்தனார். ஸ்ரீவராகத்தில் எங்கள் வீட்டு மாடியில்தான் இருந்தார். ஆபீஸில் ரிட்டயர் ஆனதும் கேமரா வாங்கினார். முட்டி ஒத்துழைக்கும்போதே, கொம்பு முற்றிய மிளா ஒன்றைக் கிட்டே நின்று படம் எடுத்துவிட வேண்டும் என்பது அவர் ஆசை. மிளா என்றால் கடமான். வருஷா வருஷம் தையில் போனக்காடு எஸ்டேட்டில் போய்த் தங்குவார். அதற்கு 'வேட்டை' என்று பேர் வைத்ததும் அவர்தான். அந்தப் பேச்சே எனக்குப் பிடிக்கவில்லை.

முதல் வருஷம் படமில்லாமல் திரும்பினார். பையில் ஒரே நாற்றம். மாம்சமோ? எஸ்டேட்டில் என்ன சாப்பிடுகிறாரோ? கேட்கத் துணியவில்லை. அடுத்த வருஷம் அவர் கிளம்புமுன், பூஜை அறையிலிருந்து ஒரு கர்ப்பூரப் பொட்டலத்தைப் பையின் அடியில் செருகினேன். அதற்கடுத்த வருஷமும்.

அக்காவுக்குச் சந்தேகம் வழிகாட்டி செல்லையா மேல். "அவன் பீடி நாத்தம் மலை பூரா அடிக்கறது, கேட்டோ!" என்று அவரை நிறுத்திவிட்டார். புது ஆள் பீடி தொடாதவர். அப்போதும் மிளா வரவில்லை.

இந்த வருஷம் திரும்பியவர், அடுக்களை காலண்டர் ஓரத்தில் அடுத்த தைக்கு நாள் குறித்தார். காற்று எந்தப் பக்கம், எந்த ஓடைக்கரை என்றெல்லாம் எழுதினார். பிறகு பையைக் கவிழ்த்தார். கர்ப்பூரம் விழுந்தது.

"கமலா, இது யார் வெச்சா?"

"நான்தான்க்கா. மாம்ச வாசனைன்னு நெனச்சு..."

"அது மிளாப் புழுக்கைடி! மனுஷ வாடை தெரியாம இருக்கப் பையில தேய்க்கறேன். நீ கர்ப்பூரம் வெச்சா, அது என்ன உண்டக்கட்டி வாங்கவா வரும்?" கண்ணில் நீர் வரச் சிரித்தார். "தைக்கு நீயும் வா. கூட இருந்தாத்தான் உன் சந்தேகம் தீரும்."

"செல்லையாகிட்ட என்ன சொல்றது?"

"நான் பார்த்துக்கறேன்."

என் பேரைச் சொல்லியிருப்பாரோ என்று அன்றிலிருந்து எனக்கு உறுத்தல்.

அக்கா போன பதிமூன்றாம் நாள் செல்லையா மலையிலிருந்து வந்தார். கையில் காகிதப் பொட்டலம். "தைக்கு அம்மா கேட்டிருந்தாங்க. புழுக்கைதான்."

"அக்கா வேற ஏதாவது சொன்னாரா?"

"'உன் பீடி இல்ல செல்லையா, எங்க வீட்டுச் சாமி பண்ணின வேலை'ன்னு போன்ல ஒரே சிரிப்பு. என்னன்னு வெளங்கலம்மா."

"அந்தச் சாமி நான்தான்" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

அக்காவை அறிந்த உங்களிடமும் இதோ சொல்லிவிட்டேன். அவர் பை என்னிடம் இருக்கிறது. துவைக்கவில்லை. செல்லையா தந்ததை அதற்குள் வைத்திருக்கிறேன். காலண்டரில் அக்கா குறித்த நாளில் செல்லையாவோடு மலையேறுவேன். கர்ப்பூரம் பூஜை அறையிலேயே இருக்கட்டும்.