நாற்பத்து மூன்றாம் நம்பர்

போனை எடுத்ததும் எல்லோரும் முதலில் கேட்பது, எங்கேயிருந்து பேசுறீங்க என்பதைத்தான். செல்லக்கிளி அத்தை அதை ஒருநாளும் கேட்டதில்லை. ஏழு வருஷம் அவள் வீட்டில் தங்கிப் படித்தேன். யார் கூப்பிட்டாலும் “சொல்லுங்க” என்பாள், அவ்வளவுதான். டெலிபோன் ஆபீஸ்காரிக்கு இந்த மரியாதைகூடத் தெரியவில்லையே என்று அப்பா கேலி செய்வார்.

அதற்கு முன்பு அத்தை மணிமுத்தாறு அணைக்குக் கீழே ஒரு சின்ன டெலிபோன் ஆபீசில் ஆபரேட்டராக இருந்தாள். யாராவது போனின் கைப்பிடியைச் சுற்றினால், அவள் முன்னாலிருந்த பலகையில் அவர்கள் நம்பர் எழுதிய தகடு விழும். அவள் வயரைச் செருகி, கேட்ட இடத்துக்கு இணைப்பாள். பேசுகிறவர் வாயைத் திறப்பதற்கு முன்பே அவர் இருக்கும் இடம் அவளுக்குத் தெரியும்.

1990 ஐப்பசியில் ஒரு மத்தியானம் நாற்பத்து மூன்றாம் தகடு விழுந்தது. புதுக்குளம் அரிசி மில். பேசியவர் அங்கே மோட்டார் ஓட்டிய நடராஜ்.

“அக்கா, கீழத்தெருவுல பூந்து வெட்டுதானுவ. ரெண்டு பேரு விழுந்துட்டாவ. பொம்பளையள உள்ள வச்சுப் பூட்டி மண்ணெண்ணெய ஊத்துதானுவ. ஸ்டேஷனுக்குப் போடுங்க. நான் பேசுனேன்னு மட்டும் தெரியக் கூடாதுக்கா. வெட்டுதது எங்க தெருப் பயலுவ.”

“யாருக்கும் தெரியாது. பேசு,” என்று அத்தை ஸ்டேஷனுக்கு இணைத்தாள்.

ஏட்டிடம் கீழத்தெரு என்று நடராஜ் சொல்லும்போதே மில் வாசலில் ஆள் சத்தம் கேட்டது. போனை வைத்துவிட்டார். எந்த ஊர்க் கீழத்தெரு என்று ஏட்டு எதிர்முனையில் கத்தினார். அந்த ஸ்டேஷனுக்கு உட்பட்ட ஆறு ஊர்களிலும் கீழத்தெரு உண்டு.

“நாப்பத்தி மூணு சார். புதுக்குளம் அரிசி மில்,” என்றாள் அத்தை.

புதுக்குளம் என்பதோடு நிறுத்தியிருந்தால் போதும். வருஷக்கணக்கான பழக்கத்தில் நம்பரும் இடமும் சேர்ந்தே வாயில் வந்துவிட்டன.

கால்மணி நேரத்தில் ஜீப் போய்ச் சேர்ந்தது. கதவை உடைத்து ஐந்து பெண்களை வெளியே இழுத்தார்கள். ஒருத்திக்கு முதுகு முழுக்க வெந்திருந்தது. விழுந்த இருவரில் ஒருவர் செத்திருந்தார்.

மூன்றாம் நாள் ஸ்டேஷனிலிருந்து நடராஜின் தெருவான மேலத்தெருவில் பெரிய வீட்டுக்கு ஒரு போன். இணைத்தது அத்தைதான். “மில்லுலேருந்துதான் வந்துருக்கு,” என்று ஸ்டேஷன் குரல் சொன்னது அவள் காதில் விழுந்தது. அவள் உடனே மில்லுக்கு மணியடித்தாள். யாரும் எடுக்கவில்லை. நடராஜ் சாப்பிட வீட்டுக்குக் கிளம்பியிருந்தார். வாய்க்கால் பாலத்தில் அவரை மடக்கி, போனைப் பிடித்த கை எது என்று கேட்டார்கள். வலது கையை முழங்கைக்குக் கீழே துண்டாக வெட்டி வாய்க்காலில் எறிந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் அத்தை அவரைப் போய்ப் பார்த்தாள். மில்லிலிருந்து போன் வந்ததை யார் சொன்னது என்று விசாரித்துச் சொல்லும்படி நடராஜ் கேட்டார். “சொல்லுதேன்,” என்று வந்துவிட்டாள்.

மில்லில் மூட்டை தூக்கிய ஐயம்பெருமாள் அன்று நடராஜ் பேசுவதைப் பார்த்திருக்கிறார். அவர்தான் காட்டிக்கொடுத்தார் என்று நடராஜின் தம்பி முடிவுகட்டி, இரும்புக் கம்பியால் அவருடைய இரண்டு முட்டியையும் உடைத்தான். அதைக் கேள்விப்பட்டும் அத்தை வாயைத் திறக்கவில்லை. பாளையங்கோட்டைக்கு மாற்றல் வாங்கிக்கொண்டாள்.

இதையெல்லாம் அவள் படுக்கையில் விழுந்த பிறகுதான் என்னிடம் சொன்னாள். ஏன் சொல்லவில்லை, வேலை போய்விடும் என்ற பயமா என்று கேட்டேன். “அந்த அஞ்சு பொம்பளையளும் உசிரோட இருக்காளுவ,” என்றாள். அது நான் கேட்டதற்குப் பதிலா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை. அவள் இடத்தில் நான் இருந்தால் ஊர்ப் பெயரோடு நிறுத்தியிருப்பேனா என்பதும் தெரியவில்லை.

1998 தை மாதம் காலையில் அத்தை இறந்தாள். ஊருக்குச் சொல்ல ஆஸ்பத்திரி எதிரிலிருந்த எஸ்டிடி பூத்துக்கு ஓடினேன். இடது கையால் நம்பரைப் போட்டுக் கொடுத்தவரின் வலது சட்டைக்கை மடித்துக் குத்தப்பட்டிருந்தது. நான் அத்தை பெயரைச் சொல்லி அழுததைக் கேட்டிருக்கிறார்.

“டெலிபோன் ஆபீஸ் அக்காவா?” என்றார். “ஒரு விஷயம் விசாரிச்சுச் சொல்லுதேன்னாவ. சொல்லாமலே போயிட்டாவளே.”

நான் அடுத்த நம்பரைச் சொன்னேன்.