கண்வலிப் பூவுக்குப் பத்து நாள்

எங்கள் வீட்டுப் பின்பக்கத்தைக் காலி இடம் என்று யார் சொன்னாலும் எனக்கு எரிச்சல் வரும். அங்கே முப்பத்தொரு வகைச் செடி இருக்கிறது. எண்ணி எழுதி வைத்திருக்கிறேன். தும்பை, துத்தி, நாயுருவி, குப்பைமேனி, மூக்குத்திப் பூ, வேலியோரம் ஓர் ஆவாரை. எதையும் யாரும் நட்டதில்லை. பிடுங்க வருகிறவர்களைத் தடுத்தது மட்டும்தான் என் பங்கு.

மென்பொருள் சோதிக்கும் வேலை எனக்கு. கள்ளக்குறிச்சியில் எங்கள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். காலை ஒன்பதரைக்கு முதல் அழைப்பு வரும். அதுவரைக்கும் உள்ள நேரம் என்னுடையது. அந்த நேரத்தில் செடிகளைப் படம் எடுப்பேன். இணையத்தில் ஒரு புகைப்படக் குழுவில் இருக்கிறேன். ஆண்டுதோறும் இந்தப் பருவத்தில் அவர்கள் தரும் பயிற்சியின் பெயர் ‘இலையுதிர் காலம்’. இந்த ஊரில் இலை உதிர்வது மாசியில். ஐப்பசியில் வேலியில் நட்ட கிளுவைக் குச்சிகூடத் துளிர்க்கும். அதை எழுதிக் கேட்டேன். உங்கள் ஊரில் அந்த மாதத்தில் என்ன நடக்கிறதோ அதை எடுங்கள், ஆனால் விதி மாறாது என்று பதில் வந்தது. ஒரே இடம், ஒரே பொருள், தொடர்ந்து பத்து நாள், பத்துப் படம்.

எங்கள் கிளுவை வேலியில் ஐப்பசியில் நடப்பது கண்வலிப் பூ. புத்தகத்தில் செங்காந்தள். கல்வராயன் மலையில் கரியாலூர் போகும் வழியெல்லாம் புதரில் தொங்கும் அதே கொடி, எப்படியோ எங்கள் வேலிக்கும் வந்திருந்தது. மொட்டு பச்சையாகத் தலைகீழாகத் தொங்கும். விரிந்ததும் இதழ்கள் மேல்நோக்கி மடங்கும். முதலில் மஞ்சள், பிறகு நுனியில் தீப்பிடித்த மாதிரி சிவப்பு, கடைசியில் முழுச் சிவப்பு. பத்து நாள் கணக்கு அதற்கென்றே போட்டது போல இருந்தது.

முதல் வருஷம் ஐந்தாம் நாள் அப்பா தீபாவளிக்குச் சுத்தம் செய்கிறேன் என்று களைக்கொல்லி அடித்தார். இரண்டாம் வருஷம் மூன்றாம் நாள், பக்கத்து வீட்டு அக்கா தன் பசுவுக்குப் புல் அறுத்தபோது கொடியையும் சேர்த்து அறுத்து, மாட்டுக்கு ஆகாது என்று குப்பையில் போட்டுவிட்டுப் போனார். கிழங்கு மண்ணுக்குள் இருப்பதால் மழைக்கு மறுபடி வரும். ஆனால் ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும். இது மூன்றாம் வருஷம்.

இந்தமுறை எல்லாருக்கும் முன்கூட்டியே சொன்னேன். கேமரா முக்காலியின் மூன்று காலுக்கும் மூன்று செங்கல் பதித்தேன். என் கேமரா பழையது, பின்பக்கத் திரை செத்துவிட்டது. சின்னத் துவாரத்தில் கண்ணை ஒட்டி வைத்துத்தான் பார்க்க வேண்டும். தினமும் ஏழு மணிக்கு அப்படிப் பார்த்தேன்.

அம்மாவுக்கு அதுதான் ஆகவில்லை. கண்வலிப் பூவை உற்றுப் பார்த்தால் கண்வலி வரும் என்பது இங்கே எல்லா வீட்டிலும் உண்டு. வேலிப் பக்கம் போனால் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் போவாள்.

“சும்மா பாத்தாலே வரும். நீ கண்ணாடி போட்டுப் பெருசு பண்ணிப் பாத்துக்கினு இருக்க.”

ஐந்தாம் நாள் மாலை என் இடது கண் உறுத்தியது. ஆறாம் நாள் காலை இரண்டு கண்ணும் ஒட்டிக்கொண்டு திறக்கவில்லை. மெட்ராஸ் ஐ. அந்த வாரம் தெருவே சிவந்த கண்ணோடு திரிந்தது. போன வாரம் பக்கத்து வீட்டு அக்கா கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு எங்கள் கூடத்தில் சீரியல் பார்த்தார், எங்கள் துண்டில் முகம் துடைத்தார். அதே அக்கா இப்போது வாசலில் நின்று துக்கம் விசாரித்தார்.

“நான் அப்பவே சொன்னேன் பாப்பா. அந்தப் பூவுகிட்ட இன்னா வேலை உனக்கு?”

“அக்கா, உங்களுக்கு எதனால வந்துச்சு?”

“உங்க வூட்டு வேலி வழியாதான். நானும் ஒருநாள் பாத்துத் தொலைச்சிட்டேன்.”

அம்மா அரிவாளை எடுத்துக்கொண்டு கொல்லைக் கதவைத் திறந்துவிட்டாள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டே பின்னால் போய்ச் சொன்னேன். ஒன்று, இது கிருமியால் வருவது. இரண்டு, தெருவில் இத்தனை பேருக்கு வந்திருக்கிறது, அவர்கள் யாரும் பூவைப் பார்க்கவில்லை. மூன்று,

“லிஸ்ட்டு படிக்காத. உள்ள போ.”

“மா, மூணு வருஷம் மா.”

அரிவாளைக் கதவு மேல் செருகினாள். கடைசியில் ஓர் ஏற்பாடு ஆயிற்று. பத்தாம் நாள் படம் எடுக்கும்வரை கொடி இருக்கும். கண் தெளியும்வரை நான் வேலிப் பக்கம் போகக் கூடாது. நடுவில் வரும் நாட்களுக்கு அம்மா போய் பட்டனை அமுக்குவாள். பூவைப் பார்க்க மாட்டாள்.

பார்க்கத் தேவையும் இல்லை என்று நினைத்தேன். செங்கல் இருக்கிறது, தூரம் மாறாது, எல்லாவற்றையும் நானே அமைத்துக் கொடுத்துவிடுவேன். அம்மா முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டு, தூறலில் கேமராவுக்குக் குடை பிடித்து, ஒரு தடவை அமுக்கிவிட்டு வந்தாள். ஆறாம் நாள் படத்தில் மேல் மூலையில் குடைக் கம்பி. பொறுத்துக்கொண்டேன். ஏழாம் நாள் நன்றாகவே வந்தது. எட்டாம் நாள் படத்தில் கிளுவை வேலி மட்டும் இருந்தது.

“மா, இதுல பூவே இல்ல.”

“இருக்குதா இல்லையான்னு நான் எங்க பாத்தேன்?”

“கேமராவ எங்க வெச்ச?”

“நீ சொன்ன கல்லு மேலதான். அதுல ஒண்ணு துவைக்கற கல்லாண்ட கெடந்துச்சு, ஒரு கால அங்க வெச்சேன்.”

அப்பா துணி துவைக்கும்போது கால் வைக்க ஒரு செங்கல்லை எடுத்திருக்கிறார். நான் முன்கூட்டியே சொல்லி வைத்தவர்களில் அப்பாவும் ஒருவர். நான் கத்தவில்லை. கண்ணுக்கு மருந்தை ஊற்றிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். தொடர்ந்து பத்து நாள் என்பது உடைந்துவிட்டது. அடுத்த ஐப்பசிவரை எத்தனை மாதம் என்று விரல் மடக்கிப் பார்த்துவிட்டு அதையும் நிறுத்தினேன். அன்று இரண்டு வேளையும் சாப்பிட எழுந்திருக்கவில்லை. அம்மா தட்டைக் கொண்டுவந்து வைத்தாள், எடுத்துப் போனாள்.

ஒன்பதாம் நாள் காலை கட்டிலில் இருந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தேன். வழக்கமாகப் பட்டன் அமுக்கும் சத்தம் ஒன்றுதான் வரும். அன்று வந்துகொண்டே இருந்தது. நடுவில் முக்காலியை இழுக்கும் சத்தம். அம்மா உள்ளே வந்து கேமராவை மேஜைமேல் வைத்துவிட்டு, அடுப்பில் பால் இருக்கிறது என்று போய்விட்டாள்.

மடிக்கணினியில் போட்டுப் பார்த்தேன். பதினோரு படங்கள். முதல் நான்கு கோணல். ஐந்தாவதிலிருந்து பூ நடுவுக்கு வருகிறது. கடைசிப் படம் கொஞ்சம் கீழேயிருந்து எடுத்தது. ஆறு இதழும் வானத்தைப் பார்த்து எரிகின்றன, ஒன்றின் விளிம்பில் மழைத்துளி. நான் எடுத்த எதைவிடவும் நன்றாக இருந்தது. அதிலும் எனக்கு எரிச்சல்தான்.

“பாத்தியா மா?”

“நான் எதுக்குப் பாக்கறேன். கை போன போக்குல அமுக்கனேன்.”

பத்தாம் நாள் என் கண் ஓரளவு தெளிந்திருந்தது. நானே போய் எடுத்தேன். பின்னால் அரிவாளோடு அம்மா நின்றிருந்தாள். “ஆச்சா?” என்றாள். ஆயிற்று என்றேன். நான் முக்காலியை மடக்கி முடிப்பதற்குள் கொடியை அறுத்து வேலிக்கு அந்தப் பக்கம் தூக்கி எறிந்துவிட்டாள்.

இரண்டு நாள் கழித்து அம்மாவின் வலது கண் சிவந்தது. வலது கண் மட்டும். பக்கத்து வீட்டு அக்கா, அறுக்கும்போது பார்த்திருப்பாய் என்று முடிவு செய்தார். நான் கேமராவின் துவாரத்தைச் சுற்றியிருக்கும் ரப்பர் வளையத்தைப் பார்த்தேன். ஐந்தாம் நாள் என் கண் அதில் ஒட்டியிருந்தது. அம்மா அதில் கண் வைக்கப்போவதில்லை என்பதால் நான் துடைக்கவே இல்லை. கிருமி என்று நான் சொன்னது சரி, பார்த்தால் வரும் என்று அம்மா சொன்னதும் இந்த ஒருமுறை பலித்துவிட்டது. இரண்டில் எதையும் யாரிடமும் சொல்ல முடியாது.

வேலிப் படத்தையும் சேர்த்துப் பத்தையும் அனுப்புவது என்று தீர்மானித்தேன். ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு வரி எழுதியாக வேண்டும். எட்டு: ‘கிளுவை வேலி. எடுத்தவர் பூவைப் பார்க்கவில்லை.’ ஒன்பது: ‘அம்மா எடுத்தது. எடுத்தவர் பார்த்தார்.’

அம்மா ஒரு கண்ணை மூடிக்கொண்டு என் தோளுக்கு மேலாகப் படித்தாள். ஒன்பதாம் படத்தைப் பெரிதாக்கச் சொன்னாள். அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா எடுத்ததுன்னு இருக்கட்டும்,” என்றாள். “பாத்தேன்னு எழுதாத.”

‘எடுத்தவர் பார்த்தார்’ என்பதை மட்டும் எடுத்துவிட்டு அனுப்பினேன்.