அவளுக்குப் பதிலாக நான் போன வீடுகள்

என் மனைவி நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்து, பெருக்கித் துடைப்பவள். நாலும் மயிலாப்பூரில், குளத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் இருந்தன. அவற்றை அவள் தேடிப் பிடிக்கவில்லை. அவள் அம்மா வேலை செய்த வீடுகள் அவை. பதிமூன்று வயதில், அம்மாவுக்கு ஆபரேஷன் ஆனபோது, ஒரு வாரம் பதிலுக்குப் போய் வா என்று அனுப்பினார்கள். பள்ளிக்கூடப் பையை ஆணியில் மாட்டிவிட்டுப் போனாள். அப்புறம் அதை எடுக்கவே இல்லை.

மந்தைவெளியில் கால்வாய் ஓரம் நாங்கள் இருக்கும் சந்தில் இது வழக்கம்தான். வேலைக்குப் போகிறவள் படுத்துவிட்டால் மகள் போக வேண்டும். இல்லாவிட்டால் அங்கே வேறு ஒருத்தி நுழைந்துவிடுவாள், பிறகு அந்த வீடு போனதுதான். "அவளுக்கு ஆறு வீடு கீது" என்று எங்கள் சந்தில் சொன்னால் ஆறு வீட்டு வேலை என்று அர்த்தம்.

ஒரு கோடையில் மனைவி சோப்புத் தண்ணீரில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். அரசாங்க ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டு, ஆறு வாரம் கையை அசைக்கக் கூடாது என்றார்கள். எங்கள் ஒரே மகள் அப்போது கே.கே. நகரில் லேப் டெக்னீஷியன் படிப்பில் கடைசி வருஷம். இரண்டு நாள் கழித்து அவளுக்குச் செய்முறைத் தேர்வு தொடங்க இருந்தது.

நான் ஊரில் இருந்தது தற்செயல். ஏழாவதோடு நின்றவன் நான். ஒரு இடத்தில் ஒரு வருஷத்துக்கு மேல் கால் தரிக்காது. நெல்லூரில் இறால் குட்டை வேலையை விட்டு வந்து, அடுத்து சூரத் போகலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

"பொண்ணு விடிகாலைல போய் முட்ச்சிட்டு, அப்படியே பரீட்சைக்குப் போவட்டும்" என்றாள் மனைவி. மகள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. ஆனால் பக்கத்தைத் திருப்புவதை நிறுத்திவிட்டாள்.

"நான் போறேன்" என்றேன்.

"இன்னாய்யா பேசற? ஆம்பள போய் பாத்திரம் தேய்ப்பியா?"

"பெங்களூர்ல கல்யாண மண்டபத்துல இன்னா பண்ணிக்கினு இருந்தேன்? அண்டாக்குள்ள எறங்கி தேய்ச்சவன் நானு."

"அது வேற ஊரு. இங்க சந்தே சிரிக்கும்."

சந்து சிரிக்கத்தான் செய்தது. மறுநாள் காலை டீக்கடையில், ஆட்டோ ஓட்டும் என் சிநேகிதன் ஆரம்பித்தான். "இன்னா மச்சி, அக்கா வேலைய நீ புட்ச்சிக்கினியாமே? தீவாளிக்கு உனுக்கு வேட்டியா, புடவையா?"

"எது குட்த்தாலும் வாங்கிக்கினு வந்துடுவேன். நீ டீயக் குடி" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

ஆண் ஆளை உள்ளே விட முடியாது என்று ஒரு வீட்டில் கதவைச் சாத்திவிட்டார்கள். அந்த வீடு அன்றோடு போயிற்று. இரண்டு பேரும் ஆபீஸ் போகிற ஒரு இளம் தம்பதி, என் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்காமல், சிங்க் அந்தப் பக்கம் என்று கை காட்டினார்கள். இன்னொரு வீட்டில், மாடிப்படி மட்டும் துடைத்தால் போதும் என்றார்கள். நாலாவது வீட்டு மாமி கொஞ்ச நேரம் யோசித்தார்.

"எங்காத்துல ஆம்பளையாள உள்ள விட்டுப் பழக்கமில்லைப்பா. கொல்லைப்பக்கமா வந்து தேய்ச்சு வெச்சுட்டுப் போயிடு."

கொல்லையில் உட்கார்ந்து, மண்டபத்தில் தேய்த்த வேகத்திலேயே எல்லாவற்றையும் ஒரே குவியலாகப் போட்டுத் தேய்த்தேன். அங்கேதான் தப்புச் செய்தேன். அந்த வீட்டில் சாதம் வடித்த பாத்திரம் 'பத்து', அதாவது ஒரு மாதிரி தீட்டு, அது பால் பாத்திரத்தைத் தொடக் கூடாது. மண்டபத்து அண்டாக்களுக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை.

"அடராமா! பால் பாத்திரத்தைப் பத்தோட சேர்த்துட்டியே! அவ இத்தனை வருஷத்துல ஒரு நாள் இப்படிப் பண்ணினதில்லை. நாளைக்குப் பேசாம உன் பொண்ணை அனுப்புப்பா. அம்மாக்கு முடியலைன்னா பொண்ணு வரதுதானே?"

வீட்டுக்கு வந்து இதை வேடிக்கையாகச் சொன்னேன். மனைவி சிரிக்கவில்லை. அதை நான் கவனித்திருக்க வேண்டும்.

மறுநாள் முதல் தேர்வு. நான் தம்பதி வீட்டை முடித்துக்கொண்டு மாமி வீட்டுக் கொல்லைக்குப் போனபோது பாத்திரச் சத்தம் கேட்டது. என் மகள் துப்பட்டாவை இடுப்பில் சுற்றிக்கொண்டு குந்தியிருந்தாள். வெள்ளைக் கோட்டு பிளாஸ்டிக் பையில் மடித்துத் துவைக்கிற கல் மேல் இருந்தது.

"நைனா, கத்தாத. அம்மாதான் அனுப்பிச்சா. அஞ்சு நிமிஷம், முட்ச்சிட்டு லஸ்ல பஸ் ஏறிடுவேன்."

கத்தவில்லை. அவள் கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பால் பாத்திரங்கள் ஒரு பக்கம், சாதப் பாத்திரங்கள் ஒரு பக்கம் என்று சரியாகப் பிரித்துவைத்திருந்தாள். யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. சின்ன வயதில் அம்மா பின்னாலேயே வந்து நின்றிருக்கிறாள், அவ்வளவுதான். கை அத்தனை வேகமாக, அழகாக வேலை செய்தது. அதைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் வந்தது. ஊர் ஊராக அலைந்து பட்டினி கிடந்தபோதுகூட அப்படி வந்ததில்லை.

"ஏந்துரு" என்றேன்.

குரல் கேட்டு மாமி வந்தார். "மாமி, இந்தப் பொண்ணுக்குப் பத்து மணிக்குப் பரீட்சை. இது வராது. இன்னைக்கு மட்டும் இல்ல, எப்பவுமே வராது. வீடு போனா போவட்டும்."

"பரீட்சையா? இவ படிக்கறாளா என்ன?"

மனைவி எந்த வீட்டிலும் அதைச் சொன்னதில்லை. மகள் படிக்கிறாள் என்று தெரிந்தால், தனக்கு அப்புறம் ஆள் வராது என்று இப்போதே வேறு ஆள் பார்த்துவிடுவார்கள் என்று பயம். அதனால் நாலு வீட்டிலும், பெண் சும்மா வீட்டில் இருக்கிறாள், எப்போது கூப்பிட்டாலும் வருவாள் என்றே நினைத்திருந்தார்கள்.

மாமிக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒரு வார்த்தை சொல்லப்படாதோ? நான் என்ன ராட்சசியா? போடி, போ. கையை நன்னா அலம்பிண்டு போ." பிறகு என் பக்கம் திரும்பினார். "சரி, நாளைக்கு யார் வருவா?"

"நான்தான்."

"பால் பாத்திரம்?"

"தனியா."

"பார்க்கலாம்" என்று உள்ளே போய்விட்டார்.

மகள் கையைக் கழுவி, துப்பட்டாவை உதறிப் போட்டுக்கொண்டு ஓடினாள். மீதிப் பாத்திரங்களை நான் தேய்த்தேன். அன்று வீட்டுக்குப் போனதும் மனைவியிடம் சண்டை போடத் தயாராக இருந்தேன். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். "பஸ் கெட்ச்சிதா அதுக்கு?" என்று மட்டும் கேட்டாள். கிடைத்தது என்றேன்.

ஆறு வாரமும் நானே போனேன். சூரத் போகவில்லை. கட்டுப் பிரித்தபோது அவள் கை பாதியாக இளைத்திருந்தது. போன வீடு திரும்ப வரவில்லை. மகள் தேறினாள். இப்போது அடையாறில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் இருக்கிறாள். வெறும் வயிற்றோடு வருகிறவர்களுக்கு ஊசி குத்த ஆறரைக்கெல்லாம் கிளம்பிவிடுகிறாள்.

அவள் வேலையில் சேர்ந்த அன்று, மனைவி மூன்று வீட்டிலும் தானே போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்: என் பொண்ணு இந்த வேலைக்கு வர மாட்டா, எனக்கு அப்புறம் நீங்க வேற ஆளுதான் பார்க்கணும் என்று. முதல் வீட்டுக்குப் போகும்போது வாசல்வரை துணைக்கு வா என்று என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். கடைசியாக மாமி வீட்டிலிருந்து வெளியே வந்தபோது முகத்தைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டாள்.

"இன்னா சொன்னாங்கோ?" என்றேன்.

"சரின்னாங்கய்யா." அவளாலேயே நம்ப முடியவில்லை. "அவ்ளோதான். மூணு வூட்லயும் சரின்னுட்டாங்க."