நடுப்பெட்டிக்குத் தெரியாத நாற்பது

அந்த நீண்டகாலப் பராமரிப்பு மருத்துவமனையில் கணினி, தொலைபேசிக் கம்பிகளைப் பார்த்துக்கொள்கிற அவளுக்கு ஒயரம்மா என்று பெயர். யார் வைத்தார்கள் என்பது யாருக்கும் ஞாபகமில்லை. மாடிப்படிக்கு அடியில், ஜன்னல் இல்லாத ஓர் அறையில் பதினாறு வருடமாக உட்கார்ந்திருக்கிறாள். சின்ன விசிறிகள் ஓயாமல் இரைகிற அந்த அறையின் கதவைத் திறக்கிறவர்கள் எல்லாரும் ஒரே வாக்கியத்தைத்தான் கொண்டுவருவார்கள்: "வேலை செய்யல." வேலை செய்கிறது என்று சொல்வதற்காக ஒருவரும் படியிறங்கி வந்ததில்லை.

வீட்டிலும் ஆள் இல்லை. படுத்த படுக்கையாகக் கிடந்த அம்மாவை ஒன்பது வருடம் பார்த்துக்கொண்டாள். அம்மா போய் நான்கு வருடமாகிறது. தம்பி ஞாயிற்றுக்கிழமை தூரத்து ஊரிலிருந்து கூப்பிடுவான். "எல்லாம் சரியா இருக்கா அக்கா?" என்பான். "இருக்குடா" என்பாள். அத்துடன் பேச்சு தீர்ந்துவிடும். காலையில் முதல் வார்த்தை வேலைக்கு வந்தபிறகுதான் வாயிலிருந்து வரும். தொண்டை கட்டியிருக்கும் என்பதால், கனைத்துவிட்டுத்தான் போனை எடுப்பாள்.

அந்த வியாழக்கிழமை காலை ஒன்பதரைக்கு அவள் கனைக்க நேரமில்லை. மேட்ரனே கதவைத் திறந்துகொண்டு வந்து நின்றார்.

"பின்கட்டடத்துல மணி அடிக்குதுன்னு நேத்து எழுதிக் குடுத்தியே?"

"ஆமா மேடம்."

"காலையில போய் மூணாம் கட்டில்ல படுத்து அழுத்திப் பார்த்தேன். பத்து நிமிஷம் படுத்துக் கிடந்தேன்மா. ஒரு ஈ காக்கா வரல. நல்லவேளை, எனக்கு நடக்கத் தெரியும். எந்திரிச்சு வந்துட்டேன்."

சிரிக்க வேண்டிய பேச்சுதான். ஒயரம்மா சிரிக்காமல் எழுந்து நின்றாள். அன்று மாலை நான்கு மணிக்கு, தானாக எழுந்து உட்காரக்கூட முடியாத பதினோரு பேரைப் பின்கட்டடத்துக்கு மாற்றுகிறார்கள். கட்டிலோடு தொங்குகிற அந்தப் பொத்தானை விட்டால் அவர்களுக்கு வேறு கதியில்லை. மூச்சு முட்டினாலும் அதைத்தான் அழுத்துவார்கள், மூத்திரம் முட்டினாலும் அதைத்தான். சத்தம் முன்கட்டடத்தில் நர்சுகளின் மேசையில் கேட்க வேண்டும்.

"மூணரைக்குள்ள சரி பண்ணு. இல்லேன்னா மாத்துறத நிறுத்திடுறேன். மணி இல்லாத அறையில என் ஆளுங்களைப் போட மாட்டேன்" என்று சொல்லிவிட்டு மேட்ரன் போய்விட்டார்.

ஒயரம்மா காரணத்தைத் தேடிப் புறப்பட்டாள். முன்கட்டடத்துக்கும் பின்கட்டடத்துக்கும் நேராக ஒரு கம்பி கிடையாது. முன்னால் ஒரு சுவிட்ச் பெட்டி, வருகிற தகவலை உரிய இடத்துக்குப் பிரித்து அனுப்புவது. அதிலிருந்து ஒரு கம்பி நடுவில் இருக்கும் சலவைக் கட்டடத்துப் பெட்டிக்கு. அங்கிருந்து இன்னொரு கம்பி பின்கட்டடத்துப் பெட்டிக்கு. சங்கிலி மாதிரி மூன்று பெட்டி. அந்த ஒரே கம்பியில் எல்லாருடைய தகவல் சரக்கும் போகும். கலந்துவிடக் கூடாது என்பதற்காக ஒவ்வொன்றின் மேலும் ஓர் எண் சீட்டு ஒட்டி அனுப்புவார்கள். கணினிகளுக்குப் பத்து, மருந்தகத்துக்கு இருபது, தொலைபேசிக்கு முப்பது. போன வாரம் கட்டில் மணிகளுக்கென்று புதிதாக நாற்பது கொடுத்திருந்தாள். இந்தப் பிரிவினைக்குத்தான் அவள் தொழிலில் வீலான் (VLAN) என்று பெயர்.

பின்கட்டடத்தில் தொலைபேசி பேசியது. கணினி ஓடியது. மணி மட்டும் ஊமை. ஆகவே கம்பியில் குற்றமில்லை. பொத்தான்கள் சேரும் மணிப்பெட்டியை அணைத்து மறுபடி போட்டாள். இரண்டு பொத்தான்களை மாற்றினாள். முன்பெட்டியில் பார்த்தாள், நாற்பது இருந்தது. பின்பெட்டியில் பார்த்தாள், இருந்தது. எல்லாவற்றையும்விடப் பெரிய தொல்லை ஒன்று உண்டு: பின்கட்டடத்தில் பொத்தானை அழுத்திவிட்டு, முன்கட்டடத்தில் கேட்கிறதா என்று பார்க்க இருநூற்றுச் சொச்சம் தப்படி நடக்க வேண்டும். மேசையில் இருந்த நர்ஸ் அவளை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "எதுவும் கேக்கலயே" என்று மருந்துச் சீட்டைப் பார்த்தபடியே சொன்னாள்.

மத்தியானம் இரண்டேகாலுக்கு, சலவைக் கட்டடத்தைக் கடந்தபோது சலவைக்காரர் வாசலில் நின்று சிரித்தார்.

"என்னம்மா, இது எட்டாவது நடை. சுகர் இருக்கா? டாக்டர் நடக்கச் சொன்னாரா?"

"சுகர் எல்லாம் இல்ல. மணி அடிக்க மாட்டேங்குது."

"இங்க அடிச்சாலும் கேக்காது. மெஷின் சத்தத்துல என் பொண்டாட்டி போன் பண்றதே எனக்குக் கேக்கறதில்ல. அது ஒரு நிம்மதி."

ஒயரம்மா நின்றாள். காலையிலிருந்து இந்தக் கட்டடத்தைத் தாண்டித்தான் போகிறாள். உள்ளே ஒருமுறைகூட நுழையவில்லை. இங்கே நோயாளி இல்லை, கட்டில் இல்லை. நாற்பதைப் பதியும்போதும் அப்படித்தான் நினைத்தாள்: யார் மணி அடிக்கப் போகிறார்கள், துவைக்கிற இயந்திரமா?

ஈர விரிப்புகளின் நீராவிக்கிடையே சுவரில் இருந்த பெட்டியைத் திறந்து மடிக்கணினியைச் சொருகினாள். பட்டியல் வந்தது. பத்து, இருபது, முப்பது. அவ்வளவுதான்.

தனக்குத் தெரியாத எண்ணைச் சுமந்து வரும் எதையும் இந்தப் பெட்டி அடுத்த பெட்டிக்குத் தராது. திருப்பி அனுப்பாது, சிவப்பு விளக்கு காட்டாது, சத்தமில்லாமல் கீழே போட்டுவிடும். மேட்ரன் பத்து நிமிடம் அழுத்திய அழுத்தல்கள் எல்லாம் இந்த வெள்ளைத் துணிகளுக்கு நடுவே செத்துப் போயிருந்தன. தனக்கு வேண்டாவிட்டாலும், வழியில் இருக்கிற பெட்டிக்கும் எண்ணைச் சொல்லியாக வேண்டும். உள்ளே வரும் முனையிலும் சொல்ல வேண்டும், வெளியே போகும் முனையிலும் சொல்ல வேண்டும். வேலை இரண்டு நிமிடம்.

அந்த இரண்டு நிமிடத்திலும் அவளை அரித்தது வேறு. மேட்ரனுக்கு எழுதிக் கொடுக்கிற சோதனைத் தாளில் இரண்டு இடம் உண்டு: அழுத்தியவர், கேட்டவர். நேற்று பின்கட்டடத்துப் பெட்டியிலேயே மடிக்கணினியைச் சொருகி, பொத்தான் அழுத்தத்தை அங்கேயே பார்த்து, இரண்டு இடத்திலும் அவளே கையெழுத்துப் போட்டிருந்தாள். நேற்று மட்டுமல்ல. பதினாறு வருடமாக.

நேராக மேட்ரனிடம் போனாள். "எனக்கு ஒரு ஆள் வேணும் மேடம். இருபது நிமிஷம். மேசைகிட்ட நின்னு கேக்கணும்."

மேட்ரன் ஓர் ஆயாவை அனுப்பினார். வாய் ஓயாமல் எதையாவது முணுமுணுப்பதால் பாட்டுக்காரி என்று அவளுக்குப் பெயர். ஒயரம்மா பின்கட்டடத்துக்குப் போய் போனைக் காதில் இடுக்கிக்கொண்டாள்.

"ஒண்ணு."

"அடிக்குது அக்கா. லைட்டும் எரியுது."

"ரெண்டு."

"அடிக்குது. சாப்டீங்களா?"

"இல்ல. மூணு."

"அடிக்குது. மணி மூணாகப் போகுது, இன்னும் சாப்பிடலயா? உங்களையும் ஒரு கட்டில்ல போட்டு வைக்கணும் போல."

ஒயரம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. போனில் யாரோடும் இவ்வளவு நேரம் பேசி எத்தனை நாளாயிற்று என்று எண்ணப் பார்த்து, விட்டுவிட்டாள்.

"ஒம்பது."

"அக்கா, இருங்க. இங்க பத்து எரியுது."

"நான் ஒம்பதுதான் அழுத்தறேன்."

"நீங்க அழுத்தறது எனக்கெப்படித் தெரியும்? இங்க பத்துதான் மினுக்குது."

பத்தை அழுத்தினால் ஒன்பது எரிந்தது. இரண்டு பொத்தான்களின் எண்களும் ஒன்றுக்கொன்று மாறியிருந்தன. அழுத்துகிறவள் எத்தனை கவனமாக அழுத்தினாலும் இந்தத் தவறு அவளுக்குத் தெரியாது. மேசையில் நிற்கிறவள் கண்ணுக்கு மட்டுமே படும். மூச்சு வாங்குகிற ஒருவரை விட்டுவிட்டு, நர்ஸ் பக்கத்துக் கட்டிலுக்கு ஓடியிருப்பாள்.

மூன்று இருபதுக்கு எல்லாம் சரியாயிற்று. ஒயரம்மா மேட்ரன் முன்னால் போய் நின்று, ஒளிக்காமல் சொன்னாள்.

"கேட்டவர் இடத்துலயும் நான்தான் கையெழுத்துப் போட்டேன் மேடம். எப்பவுமே."

"தெரியும். ரெண்டும் ஒரே கோழிக் கிறுக்கல். மணி அடிச்சுக்கிட்டு இருந்துச்சு, நானும் கண்டுக்கல." மேட்ரன் கண்ணாடியைக் கழற்றினார். "ஆள் வேணும்னு ஒரு தடவைகூட ஏன் நீ கேக்கல?"

கேட்கலாம் என்றே தோன்றியதில்லை என்பதை ஒயரம்மா எப்படிச் சொல்வது?

"இதை எழுதிக் குடு. ஒரு எச்சரிக்கை உன் கோப்புல ஏறும். அது ஏறத்தான் வேணும். மாசாமாசம் முதல் திங்கக்கிழமை மேசைகிட்ட நின்னு கேக்க ஒரு ஆளையும் போடுறேன்."

நான்கு மணிக்குக் கட்டில்கள் உருண்டன. பின்கட்டடத்தில் ஒயரம்மா கையிலிருந்த ஏணியைச் சுவரில் சாத்தி வைத்து வழிவிட்டாள். கொஞ்ச நேரத்தில் ஒன்பதாம் கட்டிலில் இருந்தவர் பொத்தானை அழுத்தினார். நர்ஸ் ஒருத்தி அவளைத் தாண்டி விரைந்து, ஒன்பதாம் கட்டிலுக்கே போனாள்.

அதன்பின் மாதம் ஒருமுறை யாராவது ஒருவர் மேசையருகே நிற்கிறார்கள். ஒருத்தி "ம்" என்று மட்டும் சொல்வாள், ஒருத்தி கொட்டாவி விடுவாள். முகம் தெரியாது, குரல்தான். போன மாதம் சாப்பாட்டுக் கூடத்தில், வரிசையில் பின்னால் நின்றவள் யாருக்கோ "ம்" என்று சொன்னதைக் கேட்டதும் ஒயரம்மாவுக்கு ஆள் தெரிந்துவிட்டது. திரும்பிப் பார்த்தாள். இருபத்தைந்து வயதிருக்கும், கையில் தட்டு, கண் போனில். ஏதாவது சொல்லலாம் என்று தொண்டையைக் கனைத்தாள். அதற்குள் வரிசை நகர்ந்துவிட்டது.